முட்டியில் எண்ணிய மாதங்களும் மறந்துபோன பதிலும்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 41 வயது, அலுவலகத்தில் கணக்கு வேலை. தினமும் ராத்திரி தூங்கப் போகும் முன் அரை மணி நேரம் துணுக்குத் தகவல்கள் படிப்பது என் பழக்கம். பேனா மூடியில் ஏன் ஓட்டை, தண்ணீரில் ஊறினால் விரல் ஏன் சுருங்குகிறது, இந்த மாதிரி. பிடித்ததையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வேன், இப்போது போனில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. போன வாரம் என் 9 வயது மகளுக்குக் கை முட்டியில் மாதங்களை எண்ணும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். துள்ளிக் குதித்தாள். அடுத்த நிமிஷமே, "ஜூலை, ஆகஸ்ட் ரெண்டுக்கும் ஏம்மா 31 நாள்?" என்றாள். அதைப் பற்றி நான் படித்திருக்கிறேன், ஏதோ ஒரு ராஜா கதை, ஆனால் வாயில் வரவில்லை. ஸ்கிரீன்ஷாட்டுகளில் இருபது நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை, அதற்குள் அவள் விளையாடப் போய்விட்டாள். என் ஞாபகசக்தி குறைந்துவிட்டதா? "கண்டதைக் கற்கப் பண்டிதனாவான்" என்று அம்மா சொல்வார். நானும் கண்டதையெல்லாம் படிக்கிறேன், ஒன்றும் தங்க மாட்டேன் என்கிறது. இதெல்லாம் வீண்தானா?

பதில்:

அன்புத் தோழிக்கு,

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். தினமும் போய்வரும் வழி தடுமாறுகிறது, பல வருடமாகச் செய்யும் கணக்கே திடீரென்று குழம்புகிறது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதாக வீட்டில் இருப்பவர்கள் சொல்கிறார்கள் என்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ராத்திரி படுக்கையில் படித்த துணுக்கு ஒரு வாரம் கழித்து வாயில் வரவில்லை, அவ்வளவுதான். அது எல்லோருக்கும் நடப்பது, உங்கள் மகள் வயதிலும் நடக்கும்.

எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு, தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, மனப்பாடம் செய்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். 1885இல் வெளியிட்டார். இருபது நிமிடத்திலேயே பாதிக்கு நெருக்கமாகப் போய்விட்டது, ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம், ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. முதலில் சரசரவென்று இறங்கி அப்புறம் மெதுவாகச் சமனாகும் கோடு அது. 2015இல் அதே சோதனையை அதே முறையில் திரும்பச் செய்தபோதும் கோடு ஏறக்குறைய அப்படியேதான் வந்தது. அவர் எடுத்துக்கொண்டவை அர்த்தமில்லாத அசைகள், நீங்கள் படிப்பது அர்த்தமுள்ள விஷயம், அதனால் உங்கள் நிலை இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் அடுத்தடுத்து முப்பது துணுக்கு படித்தால், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் போனால், அவையும் கிட்டத்தட்ட அந்த அசைகளைப் போலத்தான் ஆகிவிடுகின்றன.

இன்னொரு விஷயம் இருக்கிறது, என் தொழிலில் அன்றாடம் பார்ப்பது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு புதுக் குழுவிடமும் முதல் நாள் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, பார்க்காமல் ஒரு சைக்கிள் வரையச் சொல்வேன். சைக்கிளைப் பார்க்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? பென்சில் வேகமாக ஓடும், இரண்டு வட்டம், ஒரு இருக்கை, ஒரு ஹேண்டில்பார். அப்புறம் பென்சில் நிற்கும். சங்கிலி எங்கே போகிறது? சிலர் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சேர்த்துச் சங்கிலி மாட்டிவிடுவார்கள். சிலர் இரண்டு சக்கரங்களின் நடுவையும் ஒரே கம்பியால் இணைத்துவிடுவார்கள், அந்தச் சைக்கிளில் ஹேண்டிலைத் திருப்பவே முடியாது. வரைந்தவர்களே அதைப் பார்த்துவிட்டுத் திகைத்துப்போவார்கள். உளவியல் ஆய்வாளர் ரெபெக்கா லாசன் 2006இல் இதையே முறையான ஆய்வாகச் செய்து வெளியிட்டிருக்கிறார், அங்கும் இதே மாதிரித் தவறுகள்தான்.

ஏன் இப்படி என்றால், பார்த்தவுடன் "ஆமாம், தெரியும்" என்று தோன்றுவது வேறு, எதிரில் ஒன்றும் இல்லாதபோது உள்ளேயிருந்து எடுத்துத் தருவது வேறு. முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை என்கிறோமே, அதுதான். துணுக்கு படிக்கும்போது பதில் கண்முன்னே இருக்கிறது, புரிகிறது, இனிக்கிறது, அடுத்ததற்குப் போகிறோம். உள்ளேயிருந்து எடுக்கும் வேலையை ஒருமுறைகூடச் செய்வதில்லை. மகள் கேட்ட அந்த நிமிடத்தில்தான் நீங்கள் முதல்முறையாக எடுக்க முயன்றீர்கள். அது வரவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட், கீல் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. ஜிப் எப்படி வேலை செய்கிறது, பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும், மதிப்பெண் போடுங்கள் என்றார்கள். தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். சரி, இப்போது படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றதும் தடுமாறி, தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். நீங்களும் இப்போதே பாருங்கள், பையிலோ சட்டையிலோ ஒரு ஜிப் இருந்தால் அதை இழுக்கும் முன், அந்தப் பற்கள் எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அப்புறம் அருகில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கம் சின்ன மேடு, மறுபக்கம் சின்னக் குழி. இழுப்பானுக்குள் இருக்கும் வழி, மேலே இரண்டாகப் பிரிந்து கீழே ஒன்றாகச் சேர்கிறது. இரண்டு வரிசையும் அந்த வளைவில் சாய்ந்து வரும்போது பற்களுக்கு நடுவில் இடைவெளி விரிகிறது, எதிர்வரிசைப் பல் அதற்குள் நுழைகிறது, நேராகிவிட்டால் வெளியே வர வழியில்லை. யோசித்துவிட்டுப் பார்த்தீர்கள் என்றால் இது மறக்கவே மறக்காது. நான் சொன்னதை மட்டும் படித்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் காணாமல் போகும்.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்துக்கு வருகிறேன். லிண்டா ஹென்கெல் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. ஒரு அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம், சில பொருட்களைப் படம் எடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார். மறுநாள் கேட்டால், படம் எடுத்த பொருட்களைவிடப் பார்த்த பொருட்கள்தான் அதிகம் நினைவில் இருந்தன. கேமரா வைத்துக்கொள்ளும் என்று மனம் கையைக் கழுவிவிடுகிறது போலிருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. பொருளின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு இந்த இழப்பு நேரவில்லை. எதைப் பெரிதாக்கலாம் என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கவனம் தங்கிவிடுகிறது. ஆகவே படம் எடுப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை, எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நாம் நினைப்பதில்தான் சிக்கல்.

சரி, உங்கள் மகளின் கேள்விக்கு வருவோம். நல்ல கேள்வி அது. அதை வைத்தே என்ன செய்யலாம் என்று காட்டுகிறேன்.

இரண்டு கையையும் முட்டியாக மடக்கி, கட்டைவிரல்களை உள்ளே விட்டு, பக்கத்தில் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இடக்கைச் சுண்டுவிரல் மேட்டில் ஜனவரி, அடுத்த பள்ளம் பிப்ரவரி, மேடு மார்ச், பள்ளம் ஏப்ரல், மேடு மே, பள்ளம் ஜூன், ஆள்காட்டி விரல் மேட்டில் ஜூலை. இடக்கை முடிந்தது. வலக்கை ஆள்காட்டி விரல் மேட்டில் ஆகஸ்ட். மேடெல்லாம் 31, பள்ளமெல்லாம் 30, பிப்ரவரி மட்டும் விதிவிலக்கு. இரண்டு மேடு சேர்ந்து நிற்கும் அந்த இடத்தைத்தான் உங்கள் மகள் தொட்டுக் கேட்டிருக்கிறாள். ஒன்பது வயதுக் கண்ணுக்கு அது பட்டிருக்கிறது, எத்தனையோ பேர் எண்ணிவிட்டு அப்படியே போய்விடுகிறோம்.

நீங்கள் படித்த ராஜா கதை இதுவாகத்தான் இருக்கும்: ரோமை ஆண்ட ஜூலியஸ் சீசர் பெயரில் இருக்கும் ஜூலைக்கு 31 நாள், தன் பெயரில் இருக்கும் ஆகஸ்டுக்கு 30தானா என்று பின்னால் வந்த ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்குப் பொறாமை, பிப்ரவரியிலிருந்து ஒரு நாளை எடுத்து ஆகஸ்டில் சேர்த்துக்கொண்டார். நானும் இதைப் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நன்றாக ரசிப்பார்கள். ஒருநாள் பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியை ஒருவர், "இது எப்படித் தெரியும் மேடம்?" என்றார். மடக்கிக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை தேட ஆரம்பித்தேன், சில நாட்களில் அந்தக் கதை என் கையிலேயே உடைந்துபோனது.

அகஸ்டஸ் காலத்தவர் யாரும் சொன்னதல்ல அது. ஆயிரம் வருடத்துக்கு மேல் கழித்து, 13ஆம் நூற்றாண்டில் சாக்ரோபாஸ்கோ என்ற அறிஞர் எழுதிவைத்த விளக்கம். ஆனால் சீசருக்கு முந்தைய ரோமானிய நாட்காட்டி ஒன்று, சுவரில் தீட்டியது, துண்டு துண்டாகக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் அதற்கு எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது. மார்ச், மே, ஜூலை, அக்டோபர் நான்குக்கும் 31. பிப்ரவரிக்கு 28. மீதி ஏழு மாதங்களுக்கும் 29. உங்களுக்குக் கணக்கு வேலைதானே, கூட்டிப் பாருங்கள்: 124, அதோடு 28, அதோடு 203. மொத்தம் 355. அதாவது பிப்ரவரி அப்போதே 28தான், அகஸ்டஸ் அதிலிருந்து எடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

இந்த 355 என்ற எண்ணே சுவாரசியமானது. நிலவின் பன்னிரண்டு சுற்று 354 நாள் சொச்சம், அதையொட்டி அமைத்த ஆண்டு. ரோமானியர்களுக்கு இரட்டைப்படை எண் ஆகாது, அதனால் மாதங்களை 29, 31 என்று ஒற்றைப்படையில் வைத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் பன்னிரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும், 355 வராது. ஏதாவது ஒரு மாதம் இரட்டைப்படையாக இருந்தே தீர வேண்டும். சுத்திகரிப்புச் சடங்குகளும் இறந்தவர்களுக்கான சடங்குகளும் நடந்த பிப்ரவரியின் தலையில் அது விழுந்தது. இதைக் கண்டுகொண்ட அன்று நான் சமையலறையில் நின்றபடியே ஒரு தாளில் ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

சூரிய ஆண்டு 365 நாளுக்குக் கொஞ்சம் மேல் என்பதால் 355 நாள் ஆண்டு பின்தங்கிக்கொண்டே போகும், சில வருடங்களில் கூடுதலாக ஒரு மாதம் செருகி ஈடுகட்டுவார்கள். அந்தச் செருகல் ஒழுங்காக நடக்காமல் பருவங்களே புரண்டுபோக, ஜூலியஸ் சீசர் கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாளாக நீட்டிச் சரிசெய்துவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து புதிய கணக்கைத் தொடங்கினார். பத்து நாள் கூட்ட வேண்டும். 29 நாள் இருந்த ஏழு மாதங்களில் ஜனவரி, ஆகஸ்ட், டிசம்பர் மூன்றுக்கும் இரண்டிரண்டு நாள், ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் நான்குக்கும் ஒவ்வொரு நாள். மறுபடி கூட்டுங்கள், ஆறும் நான்கும் பத்து. பிப்ரவரி சடங்குக்குரிய மாதம் என்று அதில் கை வைக்கவில்லை என்கிறார் பிற்கால ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ். ஆக ஜூலைக்கு 31 பழைய சொத்து, ஆகஸ்டுக்கு 31 சீசரின் சீர்திருத்தத்தில் வந்தது. அப்போது அந்த மாதத்துக்கு அகஸ்டஸ் பெயரே கிடையாது, செக்ஸ்டிலிஸ் என்றுதான் பெயர், ஆறாவது மாதம் என்று பொருள். பெயர் மாறியது கி.மு. 8இல். நாள் ஏற்கெனவே 31 ஆகிவிட்டிருந்தது.

உங்கள் மகளிடம் இவ்வளவும் சொல்லத் தேவையில்லை. "அந்தக் காலத்தில் ஒரு மாதத்துக்கு ஏற்கெனவே 31 இருந்தது, பக்கத்து மாதத்துக்கு 29 இருந்தது, வருஷம் சின்னதாக இருக்கிறதே என்று பத்து நாள் பங்குபோட்டபோது அதற்கு ரெண்டு கிடைத்தது" என்றால் போதும், அவள் விரல் மேட்டைத் தொட்டுக்கொண்டே புரிந்துகொள்வாள்.

இப்போது கவனியுங்கள். நீங்கள் மறந்துவிட்டேனே என்று வருத்தப்பட்ட தகவல் தவறானது. மறந்ததால் ஒரு தவறான கதை உங்கள் மகளுக்குப் போகாமல் நின்றது. அதனால்தான் துணுக்குகளை அள்ளிச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்றை எடுத்து, அதன் நூலைப் பிடித்து இன்னும் ஒரு முடிச்சு வரைக்கும் இழுத்துப் பாருங்கள் என்றுதான் என்னிடம் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். "எப்படித் தெரியும்?" என்பது அந்த நூலின் நுனி. நீங்கள் எழுதியிருக்கும் விரல் சுருக்கத்தையே எடுங்கள். தோல் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடுகிறது என்று கேட்டவுடன் நம்பிவிடுவோம். ஆனால் நரம்பு சேதமான விரல் தண்ணீரில் வைத்தாலும் சுருங்குவதில்லை என்று மருத்துவர்கள் 1930களிலேயே கவனித்திருக்கிறார்கள். அப்படியானால் அது வெறும் ஊறல் அல்ல, நரம்பு உத்தரவிட்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் நடப்பது. இந்த ஒரு சான்று தெரிந்துவிட்டால் அந்தத் துணுக்கு வேர் பிடித்துவிடும், நீங்கள் மறக்க முயன்றாலும் போகாது. பேனா மூடி ஓட்டையில் அவ்வளவு தூரம் போக ஒன்றும் இல்லை. குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் மூச்சு போய்வர வழி இருக்கட்டும் என்று வைப்பது, பாதுகாப்புக்கான உலகத் தரவிதியே இருக்கிறது. எல்லாத் துணுக்கையும் இழுக்க வேண்டியதில்லை. எது உங்களை உள்ளே குறுகுறுக்க வைக்கிறதோ அதை மட்டும் இழுத்தால் போதும்.

அந்தக் குறுகுறுப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2014இல் கலிஃபோர்னியாவில் ஒரு குழு, சின்னச் சின்னப் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பதிலைச் சில வினாடி தாமதமாகக் காட்டியது. நடுவில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டியது. பதிலை அறிய ஆவலாக இருந்தவர்களுக்குப் பதில் மட்டுமல்ல, நடுவில் வந்துபோன அந்த முகமும் அதிகம் நினைவில் இருந்தது. ஆவலோடு காத்திருக்கும் அந்தச் சில வினாடிகளில் மனம் திறந்து கிடக்கிறது. துணுக்குப் பக்கங்களில் நமக்கு அந்த வினாடிகள் கிடைப்பதே இல்லை, கேள்வியும் பதிலும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

அதனால் நான் உங்களுக்குச் சொல்லும் முதல் மாற்றம் இதுதான், தலைப்பைப் படித்ததும் கட்டைவிரலால் பதிலை மறைத்துக்கொள்ளுங்கள். ஏன் இருக்கும் என்று ஊகியுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறாக இருக்கட்டும். தவறாக ஊகித்துவிட்டுச் சரியான பதிலைப் பார்ப்பவர்கள், ஊகிக்காமல் பதிலை மட்டும் படித்தவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று 2009இல் வெளிவந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. என் வகுப்புகளிலும் வருடாவருடம் பார்க்கிறேன். தப்பாகிவிடுமோ என்று வாயே திறக்காத பெரியவர்களுக்குத்தான் இது மிகவும் சிரமமாக இருக்கிறது, குழந்தைகளுக்கு இல்லை.

அப்புறம், படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்று படித்ததில் ஒன்றைச் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக்கே இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு குழுவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள், இன்னொரு குழுவைப் படித்துவிட்டுப் பார்க்காமல் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம், திரும்பப் படித்தவர்களுக்கு 40. ஆனால் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பப் படித்தவர்கள்தான். படிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும் சுகத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எழுதுவதற்கு ஒரு சின்ன நோட்டு போதும். பக்கத்தின் முன்புறம் கேள்வி மட்டும், பின்புறம் பதில். "ஜூலை ஆகஸ்ட் தகவல்" என்று எழுதாதீர்கள், "ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் ஏன் 31?" என்று எழுதுங்கள். மறுநாள் முன்புறத்தை மட்டும் பார்த்துப் பதிலைச் சொல்லுங்கள், அப்புறம் மூன்று நாள் விட்டு, அப்புறம் ஒரு வாரம் விட்டு, அப்புறம் மாதம் ஒருமுறை. பாதி மறந்திருக்கும்போது தட்டுத்தடுமாறி எடுப்பதுதான் பலன் தரும், அந்தத் தடுமாற்றத்தைக் கண்டு சோர்ந்துபோய் உடனே பின்பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், ஒரு நிமிடம் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று கேள்வி சேர்ந்தால் தாராளம்.

மின்சார ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயை நினைத்துக்கொள்கிறேன். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த பையன், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் வந்தார். கண்டதைக் கற்றவர்தான் அவரும். 1812இல் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனவர், குறிப்பெடுத்ததோடு விடவில்லை. அவற்றைத் தன் கையால் விரிவாகத் திருப்பி எழுதி, படம் வரைந்து, சுமார் 300 பக்கத்துக்குத் தானே பைண்டிங் செய்து டேவிக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டு அவருடைய உதவியாளராகச் சேர்ந்தார். உங்கள் அம்மா சொன்ன பழமொழியில் "கண்டதை" என்பதை மட்டும் நாம் பிடித்துக்கொள்கிறோம், "கற்க" என்று ஒரு சொல் இருக்கிறது, அங்கேதான் உழைப்பு.

வயதைப் பற்றி வேறு கவலைப்பட்டிருக்கிறீர்கள். புதிய எண்களையும் பெயர்களையும் சட்டென்று பிடிப்பதில் இளையவர்கள் முன்னால் இருக்கலாம், ஆனால் சொல்வளம் போன்றவை ஐம்பதைத் தாண்டியும் வளர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. ஒற்றைப்படை பன்னிரண்டு சேர்ந்தால் இரட்டைப்படை என்று சொன்னபோது, கணக்கு வேலையில் இருப்பதால் உங்களுக்கு உடனே உறைத்திருக்கும். புதுசு எதுவும் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒன்றில்தான் போய் ஒட்டும், ஒட்ட இடம் அதிகம் வைத்திருப்பவர் நீங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டுகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழிக்கச் சொல்ல மாட்டேன், மனசு கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்து ஐந்தை மட்டும் எடுங்கள். தலைப்பை நீங்கள் படியுங்கள், பதிலை அவளும் நீங்களும் ஊகியுங்கள். எது இருவரையும் குறுகுறுக்க வைக்கிறதோ அது நோட்டுக்குப் போகட்டும். மீதி அங்கேயே கிடக்கட்டும், தேடினால் எங்கேயும் கிடைக்கக்கூடியவைதான் அவை.

நம் மொழியில் கேட்பது என்ற ஒரே சொல்லைக் காது கொடுப்பதற்கும் சொல்கிறோம், வினவுவதற்கும் சொல்கிறோம். கேள்வி என்றால் பழந்தமிழில் பிறர் சொல்லக் கேட்டுப் பெறும் அறிவு, இன்றைக்கு வினா. எனக்கு இது எப்போதும் பிடிக்கும். அரை மணி நேரம் நீங்கள் செய்துகொண்டிருப்பது முதல் அர்த்தத்தில் கேட்பது மட்டும், உங்கள் மகள் செய்தது இரண்டாவது. அவள் கேட்டபோது பதிலைத் தேடப் போனைத் திறந்தீர்கள் அல்லவா, அடுத்தமுறை "தெரியலையே, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்காருங்கள். விளையாடப் போயிருக்க மாட்டாள்.

அவளுக்கு நான் ஒரு கேள்வி அனுப்புகிறேன், பதிலை எழுதவில்லை. லீப் வருடத்தில் கூடுதல் நாளை எல்லோரும் வருடத்தின் கடைசியில் சேர்க்காமல் ஏன் நடுவில், பிப்ரவரியில் சேர்த்தார்கள்? ஒரே ஒரு துப்பு தருகிறேன்: செப்டம்பர் என்ற பெயர் லத்தீனில் ஏழு என்ற எண்ணிலிருந்து வந்தது, டிசம்பர் பத்திலிருந்து. முட்டியை மடக்கிவைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணட்டும். முதலில் என்ன ஊகித்தாள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.